மூன்றே முக்கால் மணி நேரம்

பேருந்து நிறுவனத்தின் மாடி அறையில் உட்கார்ந்து கால அட்டவணை போடும் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுநர்கள் வைத்திருந்த பெயர் 'நிமிஷம்'. நேரில் மேடம்தான். படியிறங்கி அவள் தலை மறைந்ததும், "நிமிஷம் போயிடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அவளுக்கும் அது தெரியும். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவளுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் மேசையில் ஒரு பதிவேடு இருந்தது. தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஓட்டுநர் மறுநாள் மாடியேறி வந்து அதில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் படித்துவிட்டு இரண்டு முத்திரைகளில் ஒன்றைக் குத்துவாள். குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் உறைந்த அருவிக்குச் சுற்றுலா வண்டி ஓட்டும் தாடிக்காரர், போன குளிர்காலத்தில் மட்டும் பதினோரு முறை மாடியேறினார். பதினோரு முறையும் எழுதிய காரணம் 'பனி'. பதினோரு முறையும் விழுந்த முத்திரை 'ஏற்கத்தக்கதல்ல'.

"ஒரே ஒரு தடவை அந்த ரோட்டுல வந்து பாருங்க மேடம்."

"பனி வருஷா வருஷம்தானே பெய்யுது? தெரிஞ்ச விஷயம் எப்படிக் காரணமாகும்?"

தாடிக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

அருவிவரை இருநூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். மணிக்கு அறுபது. ஆக மூன்றே முக்கால் மணி நேரம். ஒரு கோடையில் அவளே காரை எடுத்துப் போய் மூன்று மணி நாற்பது நிமிடத்தில் சேர்ந்து, மேலே ஐந்து நிமிடம் தாராளமாகக் கூட்டிப் போட்ட கணக்கு அது.

அவளுடைய அண்ணன் காலண்டர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் வண்ணம் பார்த்தவர். அந்த அச்சகத்தில் முதல் மாதத் தாளுக்கு எப்போதும் உறைந்த அருவிதான். நீலத்தைக் கூட்டியும் குறைத்தும், ஈரத்தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தும், லட்சக்கணக்கில் அடித்து அனுப்பிய மனிதர் அந்த அருவியை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தார். ஓய்வும் வந்தது, கூடவே கண்ணும் மங்கியது. பகலில் ஓரளவு தெரியும். பொழுது சாய்ந்துவிட்டால் விளக்குக்கு நேர் கீழே இருப்பது மட்டும்தான். அடுத்த குளிர்காலத்தில் பகலும் உறுதியில்லை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அந்த நீலம் சரிதானான்னு ஒரே ஒரு தடவை பார்த்துடணும் பாப்பா," என்றார். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"விடியக்காலையிலயே கிளம்பிடலாமே," என்றாள் அண்ணி.

"எதுக்கு அண்ணி? பதினொண்ணுக்குக் கிளம்பினா ரெண்டே முக்காலுக்கு அங்க இருப்போம். இருட்டறது நாலு நாப்பதுக்கு மேல. அந்தக் குளிர்ல ரெண்டு மணி நேரம் நின்னா போதாதா?"

"வழியில இறங்கி ஒண்ணுக்குப் போக உன் கணக்குல நேரம் இருக்கா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கு."

"உங்க அண்ணனுக்கு ஜிப்பைத் தேடவே அஞ்சு நிமிஷம் ஆகும்."

அதற்கு எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அண்ணன்தான்.

சனிக்கிழமை பதினொன்றுக்குக் கிளம்பவில்லை. அண்ணனின் பூட்ஸ் கயிற்றைக் கட்டி, கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டி, மறந்துவிட்ட கையுறைக்காக மறுபடி வீடு திறந்து மூடியதில் பதினொன்று இருபது. மலைப்பாதையின் தொடக்கத்தில் தடுப்புக் கட்டையை இறக்கி வைத்திருந்தார்கள். சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டாமல் மேலே விட மாட்டார்களாம். அவளிடம் சங்கிலி இருந்தது, வாங்கிய பெட்டியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மண்டி போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். விரல் மரத்துப்போய்க் கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது. அதிலேயே ஐம்பது நிமிடம் போனது. மேலே ஏறினால், முன்னால் பனி அள்ளும் வண்டி ஒன்று, மாட்டு வண்டிக்குப் போட்டியாக ஊர்ந்தது. முந்த முடியாத பாதை.

"இதுவும் உன் அட்டவணைப்படிதான் போகுதா?" என்றாள் அண்ணி. சிறிது நேரம் கழித்து அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். குத்தலே தேவலை என்று இருந்தது.

"மணி என்ன பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

கார்க் கடிகாரத்தில் நாலேகால். "மூணேகால்," என்றாள். எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நேரத்தில் அவள் பொய் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. கண்ணாடியில் அண்ணியின் கண்கள் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பின.

வெளிச்சம் குறையக் குறைய அண்ணன் சொன்னார், "மேகம் போட்டிருக்கு போல."

அருவியின் வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து. மற்ற வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. அருவி இன்னும் தள்ளி, படிகளுக்குக் கீழே இருந்தது. படி முழுக்க உறைபனி. அவள் கண்ணுக்கே மரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ தூண் மாதிரிதான் தெரிந்தது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையை நீட்டியபடி நாலடி வைத்தவர் சட்டென்று நின்றார்.

அவர் எதிரில் ஒரு விளக்குக் கம்பம். அதன் மஞ்சள் வெளிச்சத்துக்கு நேர் கீழே, நிறுத்துமிடத்திலிருந்து அள்ளித் தள்ளிய பனி இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஓரமெல்லாம் உருகி உறைந்து, ஊசி ஊசியாகத் தொங்கியது.

"அடேயப்பா!" என்றார் அண்ணன். தொப்பியைக் கழற்றிவிட்டார். "எவ்வளவு பெருசு!"

அண்ணி வாயைத் திறந்தாள். அவள் அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தோம் என்று திரும்பும் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் கை அழுத்திய அந்த நொடியில் அவள் மனதில் ஓடியது அண்ணன் முகமல்ல. 'என் கணக்கால்தான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் தனியாக இருக்கும்போதுகூட அவள் முகம் சுட்டது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். மேசை முழுக்கப் பழைய காலண்டர் தாள்கள். அண்ணன் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். பக்கத்தில் தொலைபேசி.

"அச்சகத்துக்குப் போன் பண்ணலாம்னு இருக்கேன் பாப்பா."

"எதுக்கு?"

"நேர்ல பார்த்தா மஞ்சளா இருக்கு. நான் அத்தனை வருஷமும் நீலமா அடிச்சு விட்டிருக்கேன். எத்தனை வீட்டுச் சுவத்துல தொங்கியிருக்கும்! என்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்களும் இன்னும் அதே தப்பைத்தான் பண்ணிக்கிட்டு இருக்காங்க. வெட்கமா இருக்கு பாப்பா. நான்தான் சொல்லணும்."

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். சமையலறை வாசலில் அண்ணி துணியோடு நின்றிருந்தாள். இது உன் வேலை என்று முகமே சொன்னது.

"போன் பண்ணாதீங்கண்ணா. உங்க நீலம் சரிதான்."

"நான்தான் பார்த்தேனே."

"நீங்க பார்த்தது அருவி இல்ல. வண்டி நிறுத்துற இடத்துல அள்ளிப் போட்ட பனிக் குவியல். விளக்கு மஞ்சள். நாம போய்ச் சேர்ந்தப்பவே இருட்டிடுச்சு. நான் மணி பொய் சொன்னேன். அண்ணி சொல்ல வந்தாங்க, நான்தான் தடுத்தேன்."

அண்ணன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். ஒரு தாளை எடுத்து மற்றொன்றின் மேல் ஓரம் பிசகாமல் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

"எதிர் வீட்டுல, மருந்துக் கடையில, கண் டாக்டர்கிட்டகூடச் சொல்லிட்டேனே. தொப்பியை வேற கழட்டினேன்."

அவளால் நிமிர முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"இப்பவாவது வாயைத் திறந்தியே," என்றாள் அண்ணி. குரலில் கடுமை குறைந்திருந்தது.

அண்ணன் தொலைபேசியைத் தள்ளி வைத்தார். "சரி. மறுபடி போறதுன்னா எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவள் ஒரு முறைகூட யோசித்ததில்லை.

"தெரியலைண்ணா," என்றாள். "கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவள் மாடிக்குப் போகாமல் நேராக ஓட்டுநர்களின் ஓய்வறைக்குப் போனாள். தேநீர்க் கோப்பைகளோடு ஆறேழு பேர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தாடிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் மடக்கிக்கொண்டார்.

"இந்தப் பனியில நான் கார்ல அருவிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"அட்டவணையில போட்டிருக்கே மேடம். மூணே முக்கால்."

மூலையில் யாரோ தேநீர் புரையேறி இருமினார்கள்.

"அது தப்பு," என்றாள்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சங்கிலி மாட்ட எவ்வளவு போட்டீங்க?"

"போடவே இல்ல."

"பனி அள்ளுற வண்டிக்குப் பின்னாடி ஊர்றதுக்கு?"

"இல்ல."

"கூட யார் வர்றாங்க?"

"எங்கண்ணன். கண் சரியாத் தெரியாது. இருட்டறதுக்கு முன்னாடி பார்க்கணும்."

தாடிக்காரர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஆறரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க. காலைல ஆறுக்கு வண்டி நகரணும். ஆறுக்குப் பூட்ஸ் மாட்டக் கூடாது, ஆறுக்கு நகரணும். முதல் நாளே வீட்டு வாசல்ல சங்கிலி மாட்டிப் பழகுங்க."

அவள் கையிலிருந்த துண்டுத் தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். திரும்பப் போனவளைத் தாடிக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் பதினொரு முத்திரை அப்படியேதானே இருக்கு?"

"இருக்கு." அவள் பார்வை அவருடைய பூட்ஸில் இருந்தது. விளிம்பில் உப்புக் கறை. "நீங்க மாடிக்கு வர வேணாம். பதிவேட்டை நான் கீழ எடுத்துட்டு வர்றேன்."