ஒலிபெருக்கியில் வந்த பேர்

சங்ககிரியில் பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டினால் கோயிலுக்கு எதிரே உள்ள புளியமரத்தில் ஓர் ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். பூசணிப்பூ மாதிரி வாய் விரிந்த தகரக் குழாய். வாயோரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததால் எந்தப் பாட்டைப் போட்டாலும் கூடவே கரகரவென்று ஒரு சத்தம் வரும். இன்றைக்கும் எங்காவது அப்படி ஒரு குழாயைப் பார்த்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. ஒரு தரம் அதிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. அவள் கூப்பிட்டது ஒரே ஒரு பேரை.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள். அவளுக்கு என் அம்மாவின் பேரை வைத்தோம், ராஜாமணி என்று. பள்ளிக்கூடத்தில் “ராஜாமணி சார் வந்துட்டாருடி” என்று கேலி பேசுகிறார்களாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறுவதற்குள் பேரை மாற்றிவிட வேண்டும் என்று போன வாரம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அது அவள் பேர், மாற்றுவதானால் மாற்றட்டும். அதற்கு முன் அவளும் அவள் வயதுப் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். எழுதினால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

எங்கள் பக்கம் மூத்த பெண்குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பேரை வைப்பது வழக்கம். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். இந்த இரண்டு வழக்கமும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? பெற்ற தாயே தன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தாவின் பேர் பாவாயி. என் அக்காவுக்கும் அதே பேர். எனக்கு வைத்தது அப்பாவின் அப்பா பேர். அம்மா இரண்டையும் சொல்ல மாட்டாள். அவளுக்கு அக்கா ‘அம்மிணி’, நான் ‘கண்ணு’. வீட்டில் மற்றவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். பாவாயி என்று அக்காவைக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும்தான்.

அந்தப் பண்டிகைக்கு அப்பா இல்லை. லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். ஆத்தா கோயில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா எங்களை வளையல் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த நெரிசலில் கை விட்டுப்போனது. அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும், எனக்கு ஐந்து. அவள் அழவில்லை. “அப்பா வண்டி எங்காச்சும் நிக்கும். அதுகிட்டப் போயி நின்னுக்கலாம், வா” என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். சங்ககிரியில் லாரிக்கா பஞ்சம்? ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பெரிய ரோட்டுப் பக்கம் போய்விட்டோம். வடக்கே போன வண்டி இங்கே எப்படி நிற்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி கூப்பிட்டது: “அம்மிணி என்கிற பாப்பா, எங்கிருந்தாலும் தம்பியோடு பந்தலுக்கு வரவும்.” அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது வேற யாரோ அம்மிணிடா” என்றாள். எங்கள் பக்கம் பொட்டப்புள்ளைகள் எல்லாருமே அம்மிணிதானே.

பந்தலில் நடந்ததைப் பிற்பாடு அம்மாவே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். மைக் பிடித்திருந்தவர் கேட்டாராம்.

“ஏனுங்கம்மா, புள்ளைக்குப் பேரே இல்லீங்களா?”

“இருக்குதுங்க. எங்க மாமியா பேருங்க.”

“சரி, உங்க மாமியா பேரென்னங்க?”

“அதைத்தானுங்க நான் சொல்லக்கூடாது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அங்க பாருங்க, மூணு அம்மிணி வந்து நிக்குது. இதுல ஒண்ணாச்சும் உங்குளுதா?”

அந்நேரம் பொரி விற்கிறவள் ஒருத்தி, “ரெண்டு புள்ளைங்க கையக் கோத்துக்கிட்டு ரோட்டுப் பக்கமாப் போச்சுங்களே” என்றாள். அதன் பிறகு அம்மா யோசிக்கவில்லை. அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“பாவாயீ! ஏ பாவாயி! ரோட்டுக்குப் போவாதடீ! தம்பியப் புடிச்சுக்கிட்டு அங்கியே நில்லு. நான் வாரேன்!”

தார் ரோட்டில் வைக்க எடுத்த காலை அக்கா பின்னால் இழுத்தாள். எங்கள் முகத்தில் புழுதியை வாரியிறைத்துக்கொண்டு ஒரு லாரி போயிற்று. “டீச்சரா?” என்று முணுமுணுத்தாள். பிறகு கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். “அம்மாடா! அம்மாவுக்கு எம்பேரு தெரியுமாடா?”

நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அம்மா தலை கலைந்து ஓடிவந்தாள். முதலில் இருவருக்கும் முதுகில் ஆளுக்கொன்று வைத்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதாள்.

பந்தலுக்குத் திரும்பினால் அங்கே ஆத்தா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பொம்பளைகள் வளைத்து நின்றார்கள். மாமியார் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று பார்க்கிற நிற்பு அது. அம்மா எங்கள் கையை விட்டுவிட்டு ஆத்தாவுக்கு முன்னால் போய் நின்றாள். “தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை. புள்ளைங்க ரோட்டுக்குப் போயிருச்சுன்னு சொன்னாங்க...”

ஆத்தாவுக்குக் கோபம் வரவில்லை. “என்னைக் கூப்பிட்டாப்பல இருந்துச்சு. அதான் எந்திரிச்சு வந்தேன்” என்றாள். கொஞ்ச நேரம் மரத்துக் குழாயையே அண்ணாந்து பார்த்தாள். “என்னையப் பெத்தவ போனதுக்கப்பறம் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. இன்னொருக்கா சொல்லு சாமி.”

எங்கள் தாத்தா அப்பாருவுக்கு அவள் ‘ஏ புள்ள’. எங்களுக்கு ஆத்தா, அம்மாவுக்கு அத்தை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வண்டியேறி வந்த அன்றே அவள் பேர் அவளை விட்டுப் போய்விட்டது. பேத்திக்கு வைத்த பிறகும் அது வீட்டுக்குள் வரவில்லை. அது அன்றுவரை எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். “ஊருக்கே மைக்குல சொன்னவளுக்கு எங்காதுல சொல்ல வெக்கத்தப் பாரு” என்று ஆத்தா சிரித்தாள். அன்றைக்கு அம்மா சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஆத்தா போய்ச் சேர்ந்த வருஷம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று என்னிடம், “சொல்லியிருக்கலாம் கண்ணு. ஆசையாத்தான் கேட்டாங்க” என்றாள்.

என் மகள் பிறந்தபோது என் மனைவி தயங்கினாள். “அத்தை, உங்க பேர வெச்சுட்டு நான் எப்படிங்க கூப்பிடறது?” அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: “கூப்பிடறதுக்குத்தான் பேரு வெக்கறது. நல்லாச் சத்தமாக் கூப்பிடு.”

இப்போது அந்தப் புளியமரம் இல்லை, ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். பண்டிகைக்குப் பெட்டி பெட்டியாக வேறு ஸ்பீக்கர்கள் வருகின்றன. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஓர் ஒலிபெருக்கி அலறுகிறது. “ராஜாமணீ! எந்திரி! பஸ்ஸு போயிரும்!” என்று என் மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள். மகள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். கொல்லைப் பக்கத்திலிருந்து என் அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நிற்பாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“என்னையா சாமி கூப்பிட்டே?” என்பாள்.