கடைசிப் பாட்டுக்குப் பிறகு

அந்த இசைத்தொகுப்பை யாராவது "கத்தல்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஹார்ட் ரொக் என்ன கேடு என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கட்டும். அவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் அவர்கள் போடுகிற பாட்டுகளை நான் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டவள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே அப்பாவின் கடையை எரித்தார்கள். அப்பாவும் அண்ணையும் அகதிக் கப்பலில் ஏறி, அம்மாவும் நானும் இருந்த எங்கள் ஊர் வேலணைக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணையின் சட்டைப் பையில் ஒரு கசற் இருந்தது. கடைத் தெருவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒருவரிடம் பதிவித்தது. உறையில்லை, படமில்லை, பாடியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. "இதைக் கேள். இதைப்போல இன்னொண்டு வராது" என்று அண்ணை சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பற்றரிகளை வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். அதனால் பாடகனின் குரல் எப்போதும் கொஞ்சம் இழுபடும். பல வருடங்களுக்குப் பிறகு சரியான வேகத்தில் கேட்டபோது, இவனை யார் துரத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இன்றும் எனக்கு அந்த இழுபட்ட குரல்தான் அசல்.

எங்கள் வீட்டில் கோபப்படும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே இருந்தது. கடை போன பிறகு அது இரண்டு மடங்காகியது. சோற்றில் கல் கிடந்தாலும் கோபம், செய்தி கேட்டாலும் கோபம். நான் முகத்தைச் சுளித்தால்கூட "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன மூஞ்சை" என்று அம்மா அடக்குவார். அந்தக் கசற்றில்தான் ஒளிக்காத கோபத்தை முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் தாறுமாறான கோபம் இல்லை. மேளம் ஓர் அடி தவறாது, கிற்றார் விட்டுக்கொடுக்காது. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு எட்டு நிமிடம் போகும். பாதிவரை பொறுமையாக இருந்து, ஓர் இடத்தில் எல்லாம் நின்று, முடிந்தது என்று நினைக்கும்போது திரும்பவும் எழும்பும். அந்த எழும்புதலுக்காகவே நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

எண்பத்தாறில் அண்ணை கனடாவுக்குப் போனார். கசற்றை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதோடு, கதையைக் கசற்றில் பதிந்து அனுப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொருவராக ரேப் ரெக்கோடர் முன்னால் இருந்து பேசுவார்கள், கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துத் தபாலில் போடுவிப்பார்கள்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் ரியூசன் முடிந்து வந்து பார்த்தால் என் கசற்றைக் காணவில்லை. மேசையில் அண்ணையின் விலாசம் எழுதிய சின்னப் பொதி இருந்தது. பிரித்தேன், என்னுடையதுதான். யாரும் மேலே பதியாமல் இருக்க அண்ணை அதன் விளிம்புத் தகட்டை உடைத்து வைத்திருந்தார். அப்பா அந்தப் பள்ளத்தில் கடதாசியை அடைத்துப் பதிந்திருந்தார். இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

"நாங்கள் இஞ்ச நல்ல சுகம். மாடு கண்டு போட்டிருக்கு" என்று அப்பாவின் குரல் தொடங்கியது. பிறகு, அண்ணை கனடாவில் பார்த்து எழுதியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி. "பிள்ளைக்கு முழுச் சம்மதம். சந்தோஷத்திலை துள்ளுறாள்." அடுத்து அம்மா அழுதார். அது முடிந்ததும் ஒரு 'டக்'. அழிபடாமல் மிஞ்சிய கடைசிப் பாட்டு பாய்ந்து வந்தது.

துள்ளுகிறாளாம். அந்த மாப்பிள்ளையின் படத்தைக்கூட எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. அப்பாவிடம் நேரே போனேன்.

"நான் எப்ப ஓம் எண்டு சொன்னனான்?"

"நீ மாட்டன் எண்டும் சொல்லேல்லையே."

"என்னட்டை ஆர் கேட்டது? எனக்குச் சோதினை வருகுது. கம்பசுக்குப் படிக்கப் போகவேணும். என்ரை கசற்றையும் அழிச்சுப்போட்டியள்."

"பின்னை? தேவாரக் கசற்றையோ அழிக்கச் சொல்லுறாய்? உந்த விசர்க் கத்தல் ஆருக்குத் தேவை?"

"மெல்லக் கதை பிள்ளை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார் அம்மா.

அடுத்த நாள் பின்னேரம் இருவரும் கோயிலுக்குப் போனபோது பொதியைத் திரும்பவும் பிரித்தேன். அண்ணைக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அம்மாவின் குரல் முடிந்த இடத்திலேயே பதிந்திருக்கலாம். ஆனால் அங்கே கடைசிப் பாட்டு முழுதாக இருந்தது, அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு சில நிமிடம் வெறும் ரேப் இருந்தது. அங்கே பேசினேன். "அண்ணை, நான் ஓம் எண்டு சொல்லேல்லை. எனக்குப் படிக்கவேணும். இதை நிப்பாட்டுங்கோ." பழையபடி ஒட்டி வைத்தேன், பொதி போய்விட்டது.

இரண்டு மாதத்தில் அண்ணையின் கடிதம் வந்தது. தங்கச்சியின் சம்மதம் கேட்டு மனம் நிறைந்ததாம், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டாராம். அந்தக் கடிதத்தை அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்தார். நான் கெஞ்சியதைக் கேட்டும் கேளாதவர்போல எழுதியிருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்குமேல் யாரிடம் சொல்ல? பல்கலைக்கழகச் சோதினைக்கு முன்னமே என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விசாவுக்கு விட்டார்கள்.

என் கணவர் கெட்டவர் இல்லை. அதற்காகக் கோபம் ஆறிவிடாது. ரொறொன்ரோவில் நான்கு வருடம் அண்ணையோடு தேவைக்கு மட்டும் பேசினேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தொண்ணூற்று நாலில் அவர் வீடு மாறியபோது பெட்டி கட்ட உதவப் போனேன். அலுமாரிக்குள் அந்தக் கசற் இருந்தது.

"முழுக்கக் கேட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். அம்மா கதைச்சு முடிய உந்தப் பாட்டு வந்தது. கதை முடிஞ்சுது எண்டு நிப்பாட்டிப்போட்டன்."

கசற்றைப் போட்டு, அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். எட்டு நிமிடமும் இருந்தார். நடுவில் எல்லாம் நின்ற இடத்தில் எழும்பப் பார்த்தார், "இருங்கோ" என்றேன். பாட்டு முடிந்தது. பிறகு பதினெட்டு வயதில் நான் பேசியது வந்தது.

"இதை ஏன் பாட்டுக்கு முதல் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் அந்தப் பாட்டைப் பாதியில நிப்பாட்டுவியள் எண்டு நான் நினைக்கேல்லை, அண்ணை."

அவர் அழத் தொடங்கினார். நான் ஆறுதல் சொல்லவில்லை.