காது டாக்டரைப் பார்க்கப் போன இருவர்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன். நம்பாதவர்கள் இரண்டே பேர்: ஸ்ரீபெரும்புதூரில் என்னைச் சோதித்த டாக்டரும் என் மனைவியும். டாக்டர் இ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்குப்பா" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போது நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் குடியிருந்தோம். சைக்கிளில் போகும் தூரத்தில், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என்னை அந்த வருஷம்தான் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நேற்றுவரை என்னோடு ஒரே டீயைப் பாதியாகக் குடித்தவர்களை இன்று ஏன் லேட் என்று நான் கேட்க வேண்டும். கேட்கத்தான் போவேன். பக்கத்தில் போனதும் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு பாதியில் நின்றுவிடும். "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். ஆட்களின் வயிற்றைப் பற்றி என்னளவுக்குக் கவலைப்பட்ட சூப்பர்வைசர் அந்த வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டார்.

எனக்கு மேலே ஒரு ஃபோர்மேன். ஐம்பதைத் தாண்டியவர். மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும். அவர் ஒருநாள், "உன் லைன் ஏன் நிக்குது?" என்று கத்தியபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்துவிட்டேன். அப்படித்தான் அந்த இ.சி.ஜி. எடுக்க நேர்ந்தது.

காஞ்சிபுரத்தில் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரே சொல்லியனுப்பினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனுக்கு நெஞ்சுலதான் கோளாறு. மனசு நல்லாதான் கீது" என்றேன் மனைவியிடம்.

"நெஞ்சத்தான் பார்த்துட்டாங்களே. மிச்சம் இன்னா கீதுன்னு இவரு பார்க்கட்டும்."

"ஊருக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் இன்னா சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கடைசியில், காது டாக்டரிடம் போவதாக எல்லோரிடமும் சொல்வதென்று முடிவானது. மெஷின் சத்தத்தில் வேலை செய்பவனுக்குக் காதுக் கோளாறு பொருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை நம்பி, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கொண்டுவந்தார். வலிக்காத காதைக் காட்டி ஊற்றிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். தாளைத் திருப்ப அவர் கையை இறக்கியபோது எங்கள் கண்கள் சந்தித்தன. ஃபோர்மேன்.

"நீ இன்னாப்பா இங்க?"

"காதுங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "எனுக்கும் காதுதான்" என்றார்.

என் மனைவி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சமாளித்துக்கொண்டு, "அந்த மெஷின் சத்தம் யாரையும் வுடலபோல சார்" என்றாள்.

உள்ளே டாக்டர், "யாரைப் பார்த்தா பயம்?" என்று கேட்டார். யாரிடமும் பயமில்லை என்றேன் கம்பீரமாக.

"சார், கடைக்காரர் மனசு கஷ்டப்படுமேன்னு அழுகின தக்காளியைக்கூட ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கினு வருவாரு" என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் வீடு எப்படி இருந்தது என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்தால் நாள்கணக்கில் யாரிடமும் பேச மாட்டார் என்றேன். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். ஏதாவது கோமாளித்தனம் செய்து அவரைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன் என்றேன். அந்த வேலையை நான் இன்னும் விடவில்லை என்பது அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. யார் முகம் வாடினாலும் அதைச் சரிசெய்வது என் பொறுப்பு என்று எண்ணியே வளர்ந்திருக்கிறேன்.

"இது பயத்தால வர்ற படபடப்பு. உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். மூச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு மாத்திரை. "சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. அவங்க முகம் சுருங்கினா சுருங்கட்டும். ஓடாம அங்கேயே நில்லுங்க."

திரும்பும்போது ஃபோர்மேனும் அதே பஸ்ஸில் வந்தார். சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பேசினார்.

"சம்சாரம் போனதுலருந்து தூக்கம் இல்லப்பா. வூட்டுல பேச ஆள் கெடையாது. கம்பெனிக்கு வந்தாதான் வாயத் தொறக்கறேன். தொறந்தா கத்தலாதான் வருது."

அவருக்கு மனைவி இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன்; என் வாய் பழக்கதோஷத்தில், "சாப்ட்டீங்களா சார்?" என்றது.

"இல்லப்பா" என்றார்.

என் மனைவி பையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். ஓடும் பஸ்ஸில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

அடுத்த வாரம், தினமும் தாமதமாக வரும் என் நெருங்கிய நண்பனிடம், "நாளைலருந்து நேரத்துக்கு வந்துடு" என்றேன். நெஞ்சு வழக்கம்போல அடித்துக்கொண்டது. அவன் முகம் சுருங்கியது. நான் மூச்சை விட்டபடி நின்றேன். சில நாள் அவன் என்னோடு பேசவில்லை. நானும் கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை. பிறகு அவனே டீக்குக் கூப்பிட்டான். நான் பயந்த பிரளயம் அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்துக்கு நானும் ஃபோர்மேனும் பல மாதங்கள் சேர்ந்தே போய்வந்தோம். அவருக்குத் தூக்கம் மெல்லத்தான் திரும்பியது. கத்தல் குறைந்தது, போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தார். குழம்பில் உப்பு கம்மி என்பார் தாழ்ந்த குரலில். அவரைப் பார்த்துக் கம்பெனியே நடுங்கியது; என் மனைவியோ உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் சாப்பாட்டைத் தொடர்வாள்.