கூடுவாஞ்சேரியில் ஒரு கோகோ தோட்டம்

2007 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவின் கணவர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பப் போகிறார். அந்தச் சேமிப்பில் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனி கோகோ நட்டு விற்கும் 'கோகோ தோட்ட மனை' வாங்க அக்காவுக்கு ஆசை. பொள்ளாச்சியில் ஐந்து வருடம் இருந்த நான் தென்னைக்கு நடுவே கோகோ வளர்வதைப் பார்த்தவள். அதனால் என்னையும் அழைத்தார்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணிகூட ஆகாது. ஸ்டேஷன் வாசலில் கம்பெனி வேன். எங்களோடு இன்னும் ஆறு பேர். ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனால் பந்தல், கொடிகள், ஜூஸ். அதற்கப்பால் பொட்டல். கோகோவுக்கு நிழல் வேண்டும், மட்கு நிறைந்த ஆழமான மண் வேண்டும், ஈரம் நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. இங்கே ஒரு மரம் கிடையாது. காலடியில் சரளை. ஆனாலும் வரிசை வரிசையாகப் பச்சைப்பசேலென்று நாற்றுகள்.

மண்ணைத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். லேபில் சோதித்தாயிற்று, ரிப்போர்ட் ஆபீஸில் இருக்கிறது என்றார் விற்பனையாளர். வேலியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக் குத்தினேன். ஒரு சாணில் பாறை. அதற்குள் அக்கா ஒரு நாற்றைப் பிடித்து இழுத்தார். கறுப்பு பிளாஸ்டிக் பையோடு கையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. எங்கோ வளர்த்ததைப் பையோடு புதைத்து மேலே மண் தூவியிருக்கிறார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அக்கா கத்தவில்லை. பையும் செடியுமாகப் பந்தலுக்குப் போய், கையெழுத்து வாங்கும் மேஜைமேல் வைத்தார். "எங்க வீட்டுக்காரர் வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு சார். உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

விற்பனையாளர் டிரைவரைத் தனியே கூப்பிட்டார். நாங்கள் வேனுக்குப் போனபோது டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்கள ஏத்தக் கூடாதுன்னு சொல்ட்டாருக்கா. நான் இன்னா பண்றது?"

உச்சி வெயிலில் நடந்தோம். வேனில் வந்த ஆறு பேரில் குரோம்பேட்டை ஆசிரியத் தம்பதி மட்டும் பந்தலிலிருந்து எழுந்து எங்களோடு வந்தார்கள். அந்தப் பையைக் கண்ணால் பார்த்த பிறகும் மீதிப் பேரில் ஒருவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். விற்றவன்மேல் வந்த கோபத்தில் பாதி அவர்மேலும் வந்தது.

இப்படி மனை பார்க்கப் போகிறவர்கள் சொந்த வண்டியில் போங்கள். நாற்றைப் பார்த்து மயங்காதீர்கள், இடுப்பளவு தோண்டுங்கள். எடுத்த மண்ணை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் நீங்களே கொடுங்கள். தோண்ட விடவில்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

மாலையில் அக்கா கணவருக்கு போன் செய்தார். அவர் அறையில் தங்கியிருக்கும் மூன்று பேர் இதே இடத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டார்களாம். அக்கா நேரில் பார்க்கப் போவது தெரிந்து, தோட்டத்தில் கோகோ காய்க்கத் தொடங்கிவிட்டதா என்று அவரிடம் ஆசையாக விசாரித்தார்களாம்.