எதிரே வருகிறவள்

அப்பா அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் நான் குடத்தோடு கீழே இறங்கிவிட வேண்டும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கனைப்பார். அதைக் கேட்டதும் நான் மேலே ஏற வேண்டும். மாடிப்படியில் கரண்ட் மீட்டர்களுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வோம். நிறைகுடத்தோடு ஒரு பெண் எதிரே வந்தால் போகிற காரியம் ஜெயம். அவள் தானாக வர வேண்டும் என்பதுதான் எங்கள் திருநெல்வேலி வழக்கம். தலைநகரத்து ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எவள் தானாகக் குடத்தோடு வருவாள்? அதனால் என்னை வரவழைத்தார்கள்.

இது நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பிடித்த சனியன். கோடையில் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கீழே பிடித்துக்கொண்டு வந்தேன். ஷில்லாங்குக்கு மாற்றல் வரப்போகிறது என்ற பயத்தோடு அப்பா எதிரே இறங்கினார். அன்று மாலை மாற்றல் ரத்தாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் தானே கேட்டு ஷில்லாங்குக்குப் போனார் என்று அப்பாவே சொன்னார். ஆனாலும் அம்மா எனக்குத்தான் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

செய்தி பிளாக் முழுவதும் பரவியது. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மகனைப் பரீட்சைக்கு அனுப்பும்போது தயிரில் சர்க்கரை போட்டு ஊட்டுவாள். அது அவர்கள் சகுனம். தயிரும் இருக்கட்டும், மதராசிப் பெண்ணும் இருக்கட்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஒருவருக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்த ஸ்கூட்டர் வந்தது, இன்னொருவருக்கு கேஸ் கனெக்‌ஷன் வந்தது. எல்லாம் என் கணக்கில் ஏறின. காரியம் நடக்காதவர்கள் அத்தனை பேரும் அன்று வழியில் பூனையைப் பார்த்திருந்தார்கள்.

பரீட்சைக் காலத்தில் நான் ஊருக்குப் போகக் கூடாது. காய்ச்சல் வரக் கூடாது. ஜனவரிக் குளிரில் குடம் தளும்பி ஸ்வெட்டர் கை நனைந்துவிடும், அந்த ஈரத்தோடுதான் கல்லூரிக்கு பஸ் ஏறுவேன். மாதத்தில் மூன்று நாள் எனக்கு விடுமுறை, அப்போது எதிரே வந்தால் ஆகாது. சில மாதங்களில் அதை ஐந்து நாளாக்கிக்கொண்டேன். வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தையாவது வாடினால் எறிந்துவிடுவார்கள், எனக்கு அதுவும் கிடையாது.

பி.ஏ. முடித்து, ஸ்டெனோ பரீட்சையும் எழுதினேன். பெங்களூரில் வேலைக்கு உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். பெண்கள் விடுதி, சொந்தச் சம்பளம், காலையில் என் முகத்தை யாரும் தேடாத ஓர் ஊர். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பிளாக்கில் இருந்த அவருடைய மேலதிகாரிக்குப் பெரிய பதவிக்கான நேர்காணல் வருகிறது, அது முடியட்டும் என்றார். அப்பாவின் வருடாந்தர ரிப்போர்ட்டை எழுதுகிறவர் அவர். என் ராசியைப் பற்றி அப்பா அவரிடம் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார்.

எனக்கு ஒன்று விளங்கியது. ராசி இருக்கும்வரை என்னை விடமாட்டார்கள். ஆகவே அது தொலைய வேண்டும். வெறுங்குடம் எதிரே வந்தால் போன காரியம் உருப்படாது என்பதும் அதே சாஸ்திரம்தான்.

நேர்காணலன்று காலை நல்ல பனிமூட்டம். நடப்பதைப் பார்க்க அப்பா பால் டிப்போ பக்கம் போய், வாங்க ஒன்றுமில்லாமல் நின்றார். நான் பிளாக்குக்குப் பின்னால் போய்த் தண்ணீர் முழுவதையும் வேலிச்செடியில் கொட்டினேன். குடத்தை இடுப்பில் வைத்து, கனம் தாங்காதவள் மாதிரி சாய்ந்து நடந்தேன். அதிகாரி ஸ்கூட்டரை நிறுத்தி, குடத்தைப் பார்த்து பக்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் காலனியில் நடந்ததே இல்லை. மத்தியானம் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கிடைக்காவிட்டால் அந்தக் கோபம் அப்பாவின் ரிப்போர்ட்டில்தானே இறங்கும்? இறங்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவருக்குப் பதவி கிடைத்துவிட்டது. அடுத்த வாரமே லட்டுப் பெட்டியோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். அப்பா கண்கலங்கி நின்றார். இதுவரை மேலதிகாரி யாரும் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அவர்கள் போனதும் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது, வேண்டுமென்றேதான் கொட்டினேன், ராசியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று அழுதேன்.

அம்மா திட்டவில்லை. லட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

"தண்ணியே இல்லாமலா பலிச்சிருக்கு? அப்படில்லா இருக்கு ஒன் ராசி," என்றாள். "ஏட்டி, ஒன்ன எப்படி நான் பெங்களூருக்கு அனுப்புவேன்?"