மழைக்காட்டுக் காப்பியும் மைசூர் மைன்ஸ் நாக்கும்

காப்பித்தூள் கடைக்காரர்களே, நம் தொழிலில் வாடிக்கையாளர் மூக்கால் வாங்குவார், வாயால் திட்டுவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் நானும் தம்பியும் நடத்தும் கடைக்குத் திட்டு கொஞ்சம் கூடுதல். காரணம், சக்லேஷ்பூர் பக்கம் மலையில் காப்பி பயிரிடும் பொன்னம்மா. அவருடைய மாமனார் மழைக்காட்டை மொட்டையடித்த சரிவு, ஒரு மழைக்காலத்தில் இடிந்து இறங்கி ஓடையை மூடிவிட்டது. அங்கே இப்போது பொன்னம்மா காட்டுமரக் கன்றுகளாக நட்டு வளர்க்கிறார். சரிவுக்கு மேலே மண்ணைப் பிடித்து நிற்கும் மிச்சமுள்ள பெரிய மரங்களின் நிழலில்தான் அவருடைய காப்பி. நிழலில் காய்ப்பு குறைவு, அதனால் விலை அதிகம். அந்த விலைக்கு நாங்கள் வாங்காவிட்டால் மரங்களை விற்றுத்தான் அவர் பிழைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இது ஒருத்தர் மண்டையிலும் ஏறுவதில்லை.

பச்சை இலை

ஒரு மொத்த வியாபாரியின் ஆள் வந்தார். "காட்டைக் காக்கும் காப்பி" என்ற எங்கள் போர்டைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார். பையிலிருந்து பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கொட்டை மலிவாம், ஸ்டிக்கர் இனாமாம். எந்தத் தோட்டத்துக் கொட்டை, அங்கே மரம் இருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய ஜாதகத்தைக் கேட்டதுபோல் முழித்தார். வந்த ஆத்திரத்தில் சுருளைத் தெருவில் வீசினேன். நிதானமாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் யாரு கேக்கறாங்கக்கா? எல பச்சையா இருந்தா போதும்."

செல்ஃபி

தினமும் ரயிலில் பெங்களூரு போய்வரும் பிள்ளை ஒருவன். சுரங்கக் கழிவு குவிந்த மேட்டோரம் அவன் கம்பெனி மரம் நடும் விழா நடத்தியது. கன்றோடு எடுத்த படத்தைக் காட்டினான். அந்தக் கன்றுகள் காய்ந்து குச்சியாய் நிற்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு பொன்னம்மாவின் கதையைச் சொன்னேன். "சூப்பர்க்கா" என்றான். விலையைச் சொன்னதும் போனைப் பைக்குள் போட்டான்.

"மரம் நட எங்க கம்பெனி லீவே குடுக்குதுக்கா. காப்பிக்கு இன்னாத்துக்குத் தனியா குடுக்கணும்?"

வீட்டுக்குள்ளேயே

வெளியாட்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஒருநாள் அரைக்கும் மிஷினிலிருந்து வந்த வாசனை சரியில்லை. மூட்டையைக் கவிழ்த்தால், பாதி சந்தைக் கொட்டை. என் சொந்தத் தம்பி, பொன்னம்மா பெயர் போட்ட மூட்டையில் கலந்து வைத்திருக்கிறான். போர்டைக் கழற்றிவிட்டுத் திருடன் என்று எழுதி மாட்டுடா என்று கத்தினேன். கடையில் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை: "காடு சக்லேஷ்பூர்ல கீது, கரண்ட் பில்லு இங்க கீதுக்கா."

முட்டு

விலைக்காக அதிகம் சண்டை போடுகிறவர் நந்திதுர்க் மைன்ஸ் கஜேந்திரன் அண்ணா. சுரங்கத்தில் கல் சரியாமல் மரமுட்டு நிறுத்தும் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தூள் வாங்கக் கொண்டுவரும் டப்பாவைத் தட்டித் தட்டித்தான் பேசுவார்.

அன்றும் அப்படி முனகிக்கொண்டிருந்தபோது பொன்னம்மாவின் போன். மரவியாபாரி வந்து மரங்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறானாம். இந்த முறை எங்கள் ஆர்டர் பாதியானதால் அவருக்கு வேறு வழியில்லையாம். போனை வைத்ததும் என் கோபமெல்லாம் கஜேந்திரன் அண்ணா மேல் பாய்ந்தது. "உங்களைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் ஆர்டரைக் குறைத்தேன். மரத்தை வெட்டுகிறார்கள், சரிவு மறுபடி இறங்கும், போதுமா?" என்று கேட்டேன்.

டப்பா தட்டுவது நின்றது. "அந்த மரந்தான் சரிவத் தாங்குதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவர் திட்டியது என்னையா, வியாபாரியையா, தன்னையா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் திட்டி முடித்து டப்பாவை என் பக்கம் தள்ளினார். பழையபடி முழு ஆர்டரையும் அனுப்பச் சொல்லி அவர் எதிரிலேயே பொன்னம்மாவுக்குப் போன் போட்டேன். குறி போட்ட மரங்கள் இந்த வருஷத்துக்குத் தப்பின. டப்பாவைத் தள்ளும்போது கஜேந்திரன் அண்ணா சொன்னது இதுதான்:

"நிக்கற முட்ட உருவச் சொன்னா, மேஸ்திரியா இருந்தாலும் காறித் துப்புவேன். அரை கிலோ வாணாம், கால் கிலோ போடு, ஆனா அவங்க கொட்டையே போடு. வெல அநியாயம், அத நான் சொல்லிகினேதான் இருப்பேன்."

ஆக, பாராட்டிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களை நம்பியிருந்தால் அந்தச் சரிவு எப்போதோ ஓடைக்குள் போயிருக்கும், திட்டிக்கொண்டே வாங்கும் நாக்குகள்தான் அதற்கு முட்டுக் கொடுக்கின்றன.