யாரோ போட்ட சுண்ணாம்புக் குறி

1999, தை மாதம். காலை ஏழு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். எங்கள் கம்பெனிக்கு அப்போது இரண்டு வயது. ஹெலிகாப்டர் ஒன்றே ஒன்று. தேர்தல் வந்தால் தலைவர்களைச் சுமக்கும், மற்ற நாட்களில் மலைகளைப் படம் எடுக்கும். அது இறங்கும் இடத்துக்கு முன்கூட்டியே போய், சுண்ணாம்பால் பெரிய ‘எச்’ போடுவது என் வேலை. பறக்கிற கம்பெனியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியோடு ஏறியவன் நான் ஒருவன்தான்.

பத்து மணிக்கு மலை மேல் சோளக்காடு. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்து, மூன்று வாரமாகப் போடும் அதே மைதானத்தில் குறியைப் புதுப்பித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பனி மூடியது. தலைக்கு மேல் சத்தம் வந்தது, சுற்றியது, கிழக்கே தாழ்ந்தது, நின்றுவிட்டது. மோதிய ஓசை இல்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஓட்டமும் நடையுமாகத் திண்ணனூர் நாட்டு மலையூர்கள் பக்கம் இறங்கினேன். அறுத்த கேழ்வரகுக் காட்டில் ஹெலிகாப்டர் நின்றது. அதன் அடியில் ஒரு ‘எச்’. நான் எப்போதும் கோணலாக இழுக்கும் இடது கால்கூட அப்படியே இருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். கயிற்றுக் கட்டிலில் நிறைமாதப் பெண் ஒருத்தி கண்மூடிக் கிடந்தாள்.

அவள் புருஷன் வெள்ளையன் முன்னால் வந்தார். “ஏனுங்க, நீங்க சுண்ணாம்பு போடற எடத்துலதானுங்க இது எறங்குது. அதான் நாங்களும் போட்டமுங்க. ரெண்டு நாளா வலிங்க. தூக்கிட்டு எறங்குனா வழியிலயே போயிருவாளுங்க.”

வெளியாளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. பைலட் என்னைத் தனியே அழைத்தார். “பனி விலகினப்போ குறி தெரிஞ்சுது, இறங்கிட்டேன். ரிப்போர்ட்ல இது யார் போட்டதுன்னு எழுதட்டும்?”

“நான்தான் போட்டேன்னு எழுதுங்க.”

கேமராப் பெட்டிகளை இறக்கினோம். ஒன்றரை மணிக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் பனிக்குள் மறைந்தது.

மறுநாள் எட்டு மணிக்குச் சோளக்காடு போன் பூத்தில் செய்தி கிடைத்தது: தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். கூடவே, கம்பெனியில் படம் எடுக்கும் வேலையை முடித்துக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் இனி இந்த மலைக்கு வராது, என்னையும் கீழே வரச் சொன்னார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பனி கலைந்தது. எதிர்ச் சரிவில் வெள்ளையாக ஒரு குறி. அதற்கு மேலே இன்னொன்று. ஏழு எண்ணினேன்.

“யாருக்கு உடம்பு சரியில்லீங்க?” என்று மிளகு மூட்டையோடு நின்றவரைக் கேட்டேன்.

“இன்னைக்கு யாருக்கும் இல்லீங்க. நாளப்பின்ன ஆச்சுன்னா அது வந்துருமில்லீங்களா?”

பஸ் வந்தது. ஏறி, அந்தச் சரிவு தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.